வாஷிங் மெஷினில் தண்ணி மெதுவா இறங்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வாரத்துத் துணி, திங்கட்கிழமை போட வேண்டிய பள்ளிச் சீருடை, ஆபீஸ் சட்டை எல்லாம் மெஷினுக்குள்ளே. டிஸ்ப்ளேயில் இன்னும் 9 நிமிடம் என்று காட்டுகிறது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே 9 நிமிடம்தான். உள்ளே துணி தண்ணீரில் மிதக்கிறது. கதவும் திறக்க மறுக்கிறது.

உடனே பலருக்கும் வருகிற முதல் சந்தேகம், 'மோட்டார் போயிடுச்சோ?'. அடுத்தது, 'போர்டு போயிடுச்சோ?'. இரண்டுமே பெரிய செலவு வைக்கும் சமாச்சாரம். ஆனால், பெரும்பாலான வீடுகளில் காரணம் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. ஒரு சட்டை பட்டன், ஒரு ஹேர்பின், கொஞ்சம் நூல் பிசிறு, அல்லது சுவரோடு நசுங்கிய பைப். அவ்ளோதான்.

தண்ணீர் மெதுவாக இறங்குவது மெஷின் தருகிற எச்சரிக்கை மணி. முழுசாக நின்றுபோவதற்கு முன்னாடியே அதைக் கவனித்தால், காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியும். எங்கிருந்து தொடங்குவது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? முழு விவரம் இதோ!

தண்ணி இறங்காததுக்கும் ஸ்பின் சுத்தாததுக்கும் என்ன சம்பந்தம்?

துணி பிழியும் ஸ்பின் சுற்றில் டிரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் இது 1,000-த்தைத் தாண்டும். டப்பில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது அந்த வேகத்தில் சுற்றினால் மெஷினே ஆட்டம் கண்டுவிடும். அதனால், தண்ணீர் முழுசாக வெளியேறியதை உறுதிசெய்த பிறகுதான் மெஷின் ஸ்பின்னுக்குப் போகும்.

டப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? டப்பின் அடியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் மேலே இருக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏற ஏறக் குழாய்க்குள் இருக்கும் காற்று அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. அழுத்தம் குறையவில்லை என்றால், 'இன்னும் தண்ணி இருக்கு' என்று காத்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரம் தாண்டினால் எரர் காட்டி நின்றுவிடும்.

அதாவது, ஸ்பின் சுத்தவில்லை என்றால் ஸ்பின் மோட்டார்தான் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் வெளியேறும் வழியைத்தான்.

இந்த அறிகுறிகள் இருக்கா?

மெஷின் ஒரே நாளில் நின்றுபோவது குறைவு. பல வாரங்களுக்கு முன்னாடியே சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

* வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடியும் வாஷ், ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம் என இழுத்துக்கொண்டே போவது.
* முடிந்த பிறகும் துணியில் சொட்டச் சொட்டத் தண்ணீர் இருப்பது.
* கறுப்புத் துணிகளில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர் கறை. அழுக்குத் தண்ணீர் முழுசாகப் போகாமல் அடுத்த அலசலோடு கலந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.
* மெஷினைத் திறந்ததும் சாக்கடை வாடை அடிப்பது.
* தண்ணீர் வெளியேறும் நேரத்தில் 'கொட கொட', 'கர கர' என்று புதுசாக ஒரு சத்தம்.

இதில் இரண்டு மூன்று இருந்தாலே வடிகால் வழியைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல்ல உங்க மெஷின் எந்த ரகம்னு தெரிஞ்சுக்கோங்க

இதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் வேலை வீண். ஏனென்றால், தண்ணீரை வெளியேற்றும் முறை ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு.

ஃப்ரண்ட் லோடு: அடியில் ஒரு சின்ன டிரெயின் பம்ப் இருக்கும். அதுதான் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி, பின்பக்க பைப் வழியாக வெளியேற்றும். பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் உண்டு.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு: இதில் பல மாடல்களில் பம்ப்பே கிடையாது. அடியில் இருக்கும் வால்வை ஒரு குட்டி மோட்டார் இழுத்துத் திறக்கும். தண்ணீர் தன் எடையிலேயே கீழே இறங்கி ஓடும். பம்ப் வைத்த மாடல்களும் உண்டு.

செமி ஆட்டோமேட்டிக்: 'வாஷ் - டிரெயின்' திருகைத் திருப்பினால், உள்ளே இருக்கும் பட்டை வால்வைத் தூக்கும். இதிலும் பெரும்பாலும் பம்ப் இல்லை. தண்ணீர் தானாக இறங்கும்.

பின்பக்க பைப் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் மாட்டப்பட்டிருந்தால் அது பம்ப் உள்ள மெஷின். தரையோடு தரையாகக் கிடந்தால் பெரும்பாலும் பம்ப் இல்லாத மெஷின். சந்தேகம் இருந்தால் மெஷினோடு வந்த மேனுவலைப் பாருங்க.

கை வைக்கும் முன்... இது ரொம்ப முக்கியம்!

தண்ணீரும் கரண்ட்டும் சேர்ந்து இருக்கும் இடம் இது. அவசரம் வேண்டாம்.

* சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்க. ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. தரை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துவிட்டு, காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்க.
* தண்ணீர் வரும் குழாயை மூடிவிடுங்க.
* வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்க. 60 டிகிரி தண்ணீர் கையில் கொட்டினால் வெந்துவிடும்.
* மெஷின் பாடியைத் தொடும்போது லேசாக 'சுர்'ரென்று ஷாக் அடித்தால், அடைப்பைப் பற்றிய கவலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மெஷினைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.
* சின்னக் குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

ஸ்டெப் 1: வீட்டு வடிகாலைச் சோதிங்க

தப்பு மெஷின் மேலா, வீட்டு சாக்கடைக் குழாய் மேலா? இதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கெட் தண்ணீர் போதும்.

மெஷின் பைப் போய்ச் சேரும் வடிகாலில், அது தரை ஜாலியோ சுவர்க் குழாயோ, ஒரு பக்கெட் தண்ணீரை மளமளவென்று ஊற்றுங்க. சரசரவென்று இறங்கினால் வடிகால் ஓகே. தேங்கி நின்று, சுழித்துச் சுழித்து மெதுவாக இறங்கினால் குற்றவாளி மெஷின் கிடையாது. சோப்புக் கசடு, தலைமுடி, துணிப் பஞ்சு மூன்றும் சேர்ந்து குழாயை அடைத்திருக்கும்.

ஜாலியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு முடியையும் கசடையும் எடுத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்க. அப்படியும் இறங்கவில்லை என்றால் கூப்பிட வேண்டியது பிளம்பரை. வாஷிங் மெஷின் மெக்கானிக்கை அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், கீழே இறங்கும் பொதுக் குழாயில் அடைப்பு இருக்கலாம். மேல் வீட்டில் தண்ணீர் விட்டால் உங்கள் ஜாலியில் நுரை பொங்குகிறதா? அப்படியானால் அசோசியேஷனிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஸ்டெப் 2: பின்னாடி போற பைப்பைப் பாருங்க

வீடு பெருக்கும்போதோ, சாமான் எடுக்கும்போதோ மெஷினைப் பின்னுக்குத் தள்ளியிருப்போம். பைப் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டி மடங்கியிருக்கும். தண்ணீர் மெதுவாகப் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மெஷினை ஓர் ஆளோடு சேர்ந்து முன்னுக்கு இழுத்து, பைப் முழு நீளத்துக்கும் மடிப்போ நசுங்கலோ இல்லாமல் பாருங்க.

அடுத்து, உயரம். பம்ப் உள்ள மெஷினில் பைப்பின் முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ உயரத்துக்குள் இருக்கும்படி நிறுவனங்கள் பொதுவாகச் சொல்கின்றன. சரியான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். அதைவிட ரொம்ப உயரத்தில் மாட்டினால் பம்ப் திணறும். ரொம்பத் தாழ்வாகப் போட்டால் வேறு பிரச்னை. நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

பம்ப் இல்லாத டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்கு விதி நேர் எதிர். பைப் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நம்ம ஊர் வீடுகளில் மெஷின் ஹாலிலோ வராண்டாவிலோ இருக்கும். பைப் மட்டும் பாத்ரூம் வாசல்படியைத் தாண்டி உள்ளே போகும். அந்தப் படியில் ஏறி இறங்கும் இடத்தில்தான் தண்ணீர் தயங்கி நிற்கும். படியின் உயரம் அதிகமாக இருந்தால், மெஷினை உறுதியான ஸ்டாண்டு மேல் ஏற்றி வைப்பது உதவும்.

மூன்றாவது, ஒட்டுப் பைப். பால்கனி வரைக்கும் எட்டவில்லை என்று இன்னொரு பைப்பைச் சேர்த்து நீட்டியிருப்போம். நீளம் கூடக் கூட, உள் விட்டம் குறையக் குறைய, தண்ணீரின் வேகமும் குறையும். ஒட்டு போட்ட இடத்தில் பஞ்சும் சிக்கும். முடிந்தவரை ஒரே பைப், சரியான விட்டம், குறைந்த நீளம். இதுதான் கணக்கு.

நாலாவதாக, பைப் முனையைச் சுவர்க் குழாய்க்குள் ஆழமாகச் செருகி, சுற்றிலும் டேப் போட்டு அடைக்கக் கூடாது. காற்று போக இடைவெளி இருந்தால்தான் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும்.

ஸ்டெப் 3: கரண்ட் இல்லாமலே ஒரு டெஸ்ட்

பம்ப் உள்ள மெஷினில் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறதா? பிளக் பிடுங்கிய நிலையிலேயே, பைப்பின் முனையைக் கொக்கியிலிருந்து கழற்றித் தரை மட்டத்துக்கு இறக்கி, ஒரு தாழ்வான ட்ரேயிலோ பாத்ரூம் தரையிலோ விடுங்க.

தண்ணீர் நிற்காமல் ஓடி வந்தால் ஃபில்டர் வழியும் பைப்பும் ஓரளவு திறந்திருக்கின்றன. அப்படியானால் பம்ப் பக்கம் சந்தேகம் போகும். சொட்டுச் சொட்டாக வந்தால் நடுவில் எங்கோ அடைப்பு இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஒரு லாபம் உண்டு. கொஞ்சமாவது தண்ணீர் வடிந்துவிடும், அடுத்த வேலை சுலபமாகும்.

ஸ்டெப் 4: ஃபில்டரைத் திறந்து பாருங்க

ஃப்ரண்ட் லோடு மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். பல வீடுகளில் மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பொக்கிஷம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்!

1. மூடிக்குக் கீழே அகலமான ட்ரே அல்லது தாம்பாளம் வைங்க. தரையில் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்க.
2. ஃபில்டர் பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால், அதை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்க. ட்ரே நிறைந்தால் மூடிவிட்டு, கொட்டிவிட்டு, மறுபடி திறங்க. உள்ளே முழுசாகத் தண்ணீர் இருந்தால் பல தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை வேணும்.
3. ஃபில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்க. ஒரேயடியாகக் கழற்றினால் மீதித் தண்ணீர் வீடெல்லாம் ஓடும்.
4. வெளியே எடுத்து, சிக்கியதை நீக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்க. சில்லறைக் காசு, ஊக்கு, பட்டன், குழந்தை சாக்ஸ், சட்டைப் பையில் மறந்த பஸ் டிக்கெட் கூழ், வேட்டி நூல் என எதுவும் வரலாம்.
5. ஃபில்டர் இருந்த துளைக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே சின்ன விசிறி மாதிரி ஒன்று தெரியும். அதுதான் பம்ப்பின் இம்பெல்லர். அதில் முடியோ நூலோ சுற்றியிருந்தால் மெல்ல இழுத்து எடுங்க. கூர்மையான ஊக்கு, உடைந்த பிளாஸ்டிக் இருக்கலாம் என்பதால் வெறும் விரலை விடாதீங்க.
6. ஒரு மரக் குச்சியால் இம்பெல்லரைத் திருப்பிப் பாருங்க. வழவழவென்று சுற்றாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டித்தான் நகரும். பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம்கூட நகரவில்லை என்றாலோ, தண்டிலிருந்து கழன்று 'லொட லொட'வென்று ஆடினாலோதான் பழுது.
7. ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது மரை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, இறுக்கமாகத் திருகுங்க. டிரம்முக்குள் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்க.

கடைசியாக 'ஸ்பின்' மட்டும் தேர்ந்தெடுத்து ஓட விடுங்க. மெஷின் முதலில் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் சுற்றும். தண்ணீர் வேகமாகப் போகிறது என்றால் வேலை முடிந்தது!

ஸ்டெப் 5: சத்தத்தைக் கேளுங்க, பாதி வியாதி தெரிஞ்சுடும்

ஃபில்டர் சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மெஷின் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்க.

'ம்ம்ம்...' என்ற ரீங்காரம் மட்டும், தண்ணீர் வரவில்லை: பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது, இம்பெல்லர் சுற்றவில்லை. ஏதோ சிக்கியிருக்கலாம் அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம்.

'கட கட' சத்தம்: காசு, கல், பட்டன் போன்ற கெட்டியான பொருள் உள்ளே உருளுகிறது.

'கொட கொட' சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்: பம்ப் ஓடுகிறது. ஆனால், அதற்குத் தேவையான தண்ணீர் வந்து சேரவில்லை. டப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் சாக்ஸ், கர்ச்சீப் மாதிரி ஏதோ மாட்டியிருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

சத்தமே இல்லை: பம்ப் காயில், ஒயர், அல்லது போர்டிலிருந்து வரும் இணைப்பில் பழுது இருக்கலாம். இதுவும் மெக்கானிக் வேலைதான்.

அடைப்போடு மெஷினைத் திரும்பத் திரும்ப ஓட விடாதீங்க. பம்ப் மோட்டார் சூடாகி, நல்லா இருந்ததும் கெட்டுவிடும். இலவசமாக முடிய வேண்டிய வேலை செலவில் போய் நிற்பது இப்படித்தான்.

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கவங்க என்ன செய்யணும்?

டாப் லோடு டப்புக்குள் பஞ்சு சேரும் வலைப் பை ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தால் பஞ்சு எல்லாம் நேராக வடிகால் வால்வுக்குப் போய் அடைக்கும். கிழிந்த வலையை மாற்றுவதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் பலரும் கவனிக்காத விஷயம்.

தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் அடியிலிருந்து வால்வு இழுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டும் தண்ணீர் மெதுவாக வந்தால் வால்விலோ பைப்பிலோ அடைப்பு. சத்தமே கேட்கவில்லை என்றால் வால்வை இழுக்கும் டிரெயின் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் வாஷ் டப்பின் ஓரத்தில் சீப்பு மாதிரி ஓட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். பல மாடல்களில் அதைக் கழற்றிக் கழுவலாம். அதற்குக் கீழேதான் ரப்பர் வால்வு. அதன் அடியில் ஒரு பட்டன் மாட்டினாலும் வால்வு சரியாக மூடாது, சரியாகத் திறக்கவும் செய்யாது. 'டிரெயின்' திருகு வழக்கத்தைவிட லூசாகச் சுற்றினால், வால்வைத் தூக்கும் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிழியும் பக்கத்திலும் தண்ணீர் தேங்கி, ஸ்பின் மந்தமாகச் சுற்றினால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வெளியேற்றும் பைப்பில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

நுரையும் உப்புத் தண்ணியும் செய்யும் வேலை

அடைப்பே இல்லை, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லையா? கண்ணாடிக் கதவு வழியாக நுரை தெரிகிறதா என்று பாருங்க. கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போட்டால் நுரை பொங்கி நிற்கும். பம்ப் தண்ணீரைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. நுரையில் இருப்பது பெரும்பாலும் காற்றுதான். அதனால் பம்ப் சும்மா சுற்றும், வெளியேற்றம் குறையும். மெஷினை நிறுத்தி, நுரை அடங்கியதும், பவுடர் இல்லாமல் ஒரு தடவை அலச விடுங்க. அடுத்த முறை மெஷினுக்கென்று வரும் குறைந்த நுரை பவுடரை, பாக்கெட்டில் சொன்ன அளவில் மட்டும் போடுங்க.

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500-ன்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மைதான் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதி. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாக மாறும். அந்தக் கசடோடு பஞ்சு ஒட்டிக்கொள்ளும். காலப்போக்கில் ஃபில்டர், பைப், காற்றுக் குழாய் எல்லாவற்றிலும் படியும். மெஷின் நிறுவனம் பரிந்துரைக்கும் டீஸ்கேலிங் பவுடரைப் போட்டு, காலி டிரம்மில் 'டப் கிளீன்' ஓட விடுவதுதான் இதற்கு வழி.

இந்த எரர் கோடு வருதா?

தண்ணீர் வெளியேறவில்லை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியீட்டில் காட்டும். எல்ஜி மெஷின்களில் 'ஓஇ', சாம்சங்கில் '5சி' அல்லது '5இ', போஷ் மெஷின்களில் 'இ18' என்று வரும். இதைப் பார்த்ததும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 'தண்ணி போகல, வழியைப் பாரு' என்றுதான் மெஷின் சொல்கிறது. மற்ற பிராண்டுகளுக்கு மேனுவலின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீங்க!

* பாத்ரூம் அடைப்பு நீக்கும் ஆசிட்டையோ பவுடரையோ மெஷினுக்குள் ஊற்றக் கூடாது. ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும். அடுத்து ஃபில்டரைத் திறப்பவரின் கையும் வெந்துபோகும்.
* கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. ரப்பர் குழாய் கிழிந்தால் அடைப்போடு கசிவும் சேரும்.
* பின்பக்க மூடியைக் கழற்றி போர்டைத் தொடக் கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.
* தண்ணீரோடு இருக்கும் ஃப்ரண்ட் லோடு கதவை இழுத்துத் திறக்க முயலக் கூடாது. லாக் உடைந்துபோகும்.

எப்ப மெக்கானிக்கைக் கூப்பிடணும்? என்ன கேட்கணும்?

வடிகால், பைப், ஃபில்டர் மூன்றும் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை, பம்ப் சத்தமே இல்லை, மெஷினுக்கு அடியில் கசிவு, கருகிய வாடை. இதில் எது இருந்தாலும் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்க. அதற்கு முன் வாரண்டி கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மோட்டாருக்கு மட்டும் 10 வருஷம் என்று எழுதியிருந்தால், அது பொதுவாக டிரம்மைச் சுற்றும் மோட்டாரைக் குறிக்கும். டிரெயின் பம்ப்புக்குத் தனிக் கணக்கு இருக்கும்.

நிறுவனத்தின் நம்பரை இணையத்தில் தேடி, முதலில் வருவதை அழைக்காதீங்க. போலி கஸ்டமர் கேர் நம்பர்களை வைத்துப் பணம் பறிக்கும் மோசடிகள் நடக்கின்றன. வாரண்டி கார்டிலோ, மெஷின் பாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும் நம்பர்தான் பாதுகாப்பு. 'புக்கிங் சார்ஜ் 10 ரூபாய் அனுப்புங்க', 'இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கணும்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக் 'பம்ப் மாத்தணும்', 'போர்டு மாத்தணும்' என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்க:

1. ஃபில்டரையும் பைப்பையும் பார்த்தீங்களா? நாங்க ஏற்கெனவே சுத்தம் பண்ணிட்டோம், வேறு எங்க அடைப்பு இருக்கலாம்?
2. பம்ப் கெட்டதை எப்படி உறுதி செஞ்சீங்க? மல்டிமீட்டர் வெச்சுக் காட்ட முடியுமா?
3. கழற்றின பழைய பார்ட்டைக் காட்டுவீங்களா? புதுசுக்கு பில்லும் வாரண்டியும் உண்டா?

நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பில் கையில் இருந்தால், பிறகு சிக்கல் வந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

மறுபடி வராம இருக்க இதைப் பழக்கமாக்குங்க

* துணி போடும் முன் எல்லாப் பைகளையும் தடவிப் பாருங்க. பேன்ட்டின் குட்டிப் பாக்கெட்டையும் விடாதீங்க.
* குழந்தை சாக்ஸ், கர்ச்சீப், உள்ளாடைகளை வலைப் பையில் போட்டுத் துவைங்க.
* பஞ்சு உதிரும் கால்மிதி, புதுத் துண்டு, போர்வையை முதலில் வெளியே நன்றாக உதறிவிட்டுப் போடுங்க.
* மாதம் ஒரு முறை ஃபில்டரையும் வலைப் பையையும் சுத்தம் செய்யுங்க. காலண்டரில் குறித்து வைத்தால் மறக்காது.
* அதே நாளில் தரை ஜாலியையும் கழுவிவிடுங்க.
* துவைத்து முடிந்ததும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்க. வாடை குறையும். ஆனால், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும்.

வாடகை வீட்டுக்குப் புதுசாகக் குடி போனவர்கள், மெஷினை மாட்டும் முன்பே அந்த ஒரு பக்கெட் தண்ணீர் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. வீட்டு ஓனரிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம். அப்புறம் மெஷின் மேல் பழி விழாது.

மெஷின் மெதுவாகும்போதே கவனித்தால், ஒரு தாம்பாளம், ஒரு பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம் போதும். முதலில் வடிகால், அப்புறம் பைப், அப்புறம் ஃபில்டர். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் தண்ணி இறங்கலைன்னா மட்டும் மெக்கானிக்குக்கு போன் போடுங்க!